ஆடுநரும் ஆக்குநரும்: வஜிராவின் கலைப்பணி குறித்து ஒரு நோக்கு

கண்டிய நடனத்தைச் சிங்களத் தேசியத்தின் சின்னமாகக் காண்போர் பலர். தனக்கெனச் சொல்லும் இலக்கணமும் கொண்ட கலைமொழியாகக் கண்டு அதனை வளர்க்க முயன்றோர் சிலரே. அச்சிலருள் வஜிரா சித்திரசேன தனியிடம் பெறுபவர். 1932இல் பிறந்த இவருக்கு 2020இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. கண்டிய நடனத்தைத் தொழிலாகக் கொண்ட முதற்பெண் என்று இவரைப் போற்றுவது வழக்கம். அப்போற்றுரை உண்மையாயினும் போதுமானதன்று. ஆடுநராக இருந்தவர் ஆக்குநராக மாறியபோது அக்கலைக்கு நேர்ந்தது யாது என்பதே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா.

இதற்கு விடை காண, அக்கலையின் சமூக அடித்தளத்தை முதலில் நோக்குதல் வேண்டும். கண்டி நகரைச் சூழ்ந்த நித்தவெல, அமுனுகம முதலிய ஊர்களில் இந்நடனம் பெரவா எனப்படும் பறைமேளச் சாதியினரின் பரம்பரைத் தொழிலாக வாழ்ந்தது. கொஹொம்பா கங்காரியச் சடங்கிலும் தலதா மாளிகைப் பெரஹராவிலும் ஆடுதல் அவர்தம் ஊழியமாயிற்று. நிலம் பெற்றவர் அதற்கீடாகச் சேவை ஆற்றும் இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டபோதும், விகாரை, தேவாலய நிலங்களில் அது நீடித்தது. எனவே கெட்ட பெரவின் தாளத்திற்கு ஆடிய அவ்வுடல் நிலமானிய உறவுகளுக்குக் கட்டுண்ட உடலாகும். சடங்கின் புனிதமுடையதாகக் கருதப்பட்ட வெஸ் தலையணி ஆடவர்க்கே உரியதாயிருந்தது.

இக்கலையை நவீன அரங்கிற்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் சித்திரசேன (1921–2005). அல்கம கிரிகனித்தயா முதலிய பரம்பரை ஆசான்களிடம் பயின்ற இவர், திருவிதாங்கூரில் கதகளியையும் பின்னர்ச் சாந்திநிகேதனத்தின் நாட்டிய முறையையும் அறிந்தவர். 1944இல் கொள்ளுப்பிட்டியில் இவர் நிறுவிய கலாயதனயவே வஜிராவின் பயிற்சிக்களமாயிற்று. சடங்கில் நிகழ்ந்த ஆட்டம், முத்ரா நாட்டிய எனச் சிங்களத்தில் வழங்கும் பாலே வடிவில் கதை சொல்லத் தொடங்கியது. சித்திரசேனவின் மாணவியாகவும் பின் மனைவியாகவும் விளங்கிய வஜிரா, 1952இல் ‘சண்டாலி’யில் பிரகிருதியாக ஆடித் தனிநிலை ஆடுநராக அறிமுகமானார். தாகூரின் ஆக்கத்தைத் தழுவிய அப்படைப்பில் பிரகிருதி ஒரு தீண்டாச் சாதிப் பெண். தாழ்த்தப்பட்ட சாதியினர் பேணிய ஆட்டத்தின்வழி அவ்வாறு ஒடுக்கப்பட்ட பெண்ணொருத்தியின் கதை கூறப்பட்டமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. மீனவக் குடியொன்றின் வாழ்வைச் சித்திரித்த ‘கரதிய’ (1961) இப்போக்கின் முதிர்ச்சி எனலாம்.

ஆக்குநராக வஜிரா எதிர்கொண்ட சிக்கல் வேறானது. முழங்காலை மடித்து விரித்து நிற்கும் மண்டிய நிலையும், வீறார்ந்த தாவல்களும் சுழற்சிகளும் ஆணுடலை மனங்கொண்டே உருவானவை. அவற்றை அப்படியே ஆடுதல் ஒரு வழி. நளினம் சேர்த்து அழகுபடுத்துதல் மற்றொரு வழி. வஜிரா அடிப்படையைக் கைவிடாது, பெண்ணுடலுக்கு ஏற்ற அசைவுகளை வகுத்து, அவற்றைப் பயிற்றும் உடற்பயிற்சி முறையையும் ஒழுங்குபடுத்தினார். ‘குமுதினி’, ‘ஹபனா’ போன்ற சிறுவர் நாட்டியங்களை ஆக்கியதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. பரம்பரை ஊழியமாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற கலை, அங்கே விரும்பிய எக்குழந்தையும் கற்கத்தக்க கல்வியாகியது. 2012இல் இந்தியாவின் நிருத்தியக்கிராமத்தினருடன் சித்திரசேன நடனக் குழு இணைந்து ஆடிய ‘சம்ஹார’வில், ஒடிசி ஆடிய பெண்களுக்கு நிகராகக் கண்டிய நடனப் பெண்கள் மேடையில் நின்றமை அவ்வுழைப்பின் விளைவேயாகும்.

இச்சாதனையின் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். ஆணுக்கு வீறு, பெண்ணுக்கு நளினம் என்னும் பகுப்பு சமூகம் வகுத்ததேயன்றி இயற்கை வகுத்ததன்று. பெண்ணுக்கு மேடை தந்த முறை அப்பகுப்பை முற்றாகத் தகர்க்கவில்லை. அன்றியும், நகர மத்தியதர வர்க்கத்தின் அரங்கிலே கலை பெற்ற மதிப்பு, அதனைக் காத்த கிராமத்து ஆசான்களுக்கு அதே அளவிற் சென்றடைந்தது எனக் கூறுதல் அரிது.

தமிழ் வாசகர்க்கு இது அயலார் கதையன்று. தமிழகத்திற் பரம்பரைப் பெண்களின் சதிர், பரதநாட்டியம் என்னும் பெயரில் உயர்குடியினரிடம் சென்றது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்தது. கண்டியில் ஆடவரின் சடங்காட்டம் பெண்களுக்குத் திறந்தது. வழிகள் வேறாயினும், கலையின் உடைமையாளர் யார் என்ற வினா இரண்டிற்கும் பொது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ மூலம் விடிய விடிய ஆடப்பெற்ற கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்கு ஏற்றதாக்கினார். கூத்தில் நெடுங்காலம் பெண் பாத்திரங்களை ஆடவரே ஆடிவந்தனர். பின்னர்ப் பெண்களும் ஆடலாயினர். ஆயின், பெண் கூத்தாடுதல் வேறு. பெண்ணொருத்தி கூத்தின் ஆட்டமொழியைத் தன் உடலிலிருந்து மீள ஆராய்ந்து, பயிற்சி முறையாக்கி, புதிய படைப்புகளை ஆக்குதல் வேறு. வஜிராவின் வாழ்க்கைப்பணி நம்முன் வைக்கும் அறைகூவல் இவ்விரண்டாவதே. அதனை ஏற்கும்போது, அண்ணாவிமாரை வெறும் தகவல் தருவோராகக் கொள்ளாது, ஆக்கத்திற் பங்காளிகளாகக் கொள்ளுதல் நம் கடனாகும்.