வமிசாவளியும் முரண்படும் சான்றுகளும்: யாழ்ப்பாண வைபவமாலையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு குடியின் முன்னோரைத் தேடிச் செல்வோர் முதலில் எதிர்நோக்கும் இடர் சான்றின்மையன்று. சான்றுகள் ஒன்றையொன்று மறுத்துரைப்பதேயாகும். ஏட்டிலே ஒரு பெயர், தோம்பிலே வேறொரு பெயர், கோவில் மரபிலே மூன்றாவதொரு பெயர் என நிற்கும் நிலையில், ஆய்வாளர் பொதுவாக இரு வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்வர். தமக்கு உவப்பான சான்றை மெய்யென்றும் ஏனையவற்றைப் பொய்யென்றும் கொள்வது ஒன்று. எல்லாச் சான்றும் மெய்யே எனக் கொண்டு, இடைவெளிகளை ஊகத்தால் நிரப்பி, முரண்களை இசைவித்துவிடுவது மற்றொன்று. இவ்விரு வழிகளும் ஒரே குறைபாடுடையன. முரண் ஏன் தோன்றிற்று என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட நூல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை.

மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க, 1736 அளவில் இந்நூல் இயற்றப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்டதாகும். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன தமக்கு முதனூல்கள் என ஆசிரியரே சுட்டுகின்றார். அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், அந்நிய ஆட்சியாளன் கேட்க, அவ்வாட்சியின்கீழ் நிலமும் பதவியும் பெற்று வாழ்ந்த உயர்குடியினரின் சூழலில் எழுந்த நூல் இது. நூலை மதிப்பிடுமுன் இந்நிலைமையை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1. தோற்றம் பற்றிய முரண்

ஆரியச்சக்கரவர்த்திகளின் தோற்றத்தைப் பற்றிக் குறைந்தது மூன்று வகைக் கூற்றுகள் உள. செகராசசேகரமாலையின் சிறப்புப்பாயிரம் அரசமரபை இராமேசுவரத்து அந்தணரோடு இணைக்கின்றது. கைலாயமாலையும் வைபவமாலையும் உக்கிரசிங்கன், சோழ இளவரசி ஆகியோரின் கதையிலே தொடங்கி, பின்னர் மதுரையிலிருந்து அழைத்துவரப்பட்ட சிங்கையாரியனிடம் வந்து சேர்கின்றன. பாளி நூலாகிய சூளவம்சமோ, முதலாம் புவனேகபாகுவின் ஆட்சி (1272 - 1284) முடிவுற்ற காலப்பகுதியில், பாண்டிய மன்னரால் அனுப்பப்பட்ட ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தலைவன் யாப்பகுவையைத் தாக்கிப் புனித தந்தத்தைக் கவர்ந்து சென்றான் என்று கூறுகின்றது.

இம்மூன்றையும் இசைவிக்கும் முயற்சி நம்மிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. 1926 இல் வெளிவந்த 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலில் முதலியார் செ. இராசநாயகம், வைபவமாலை கூறும் கூழங்கைச் சக்கரவர்த்தியை 1215 இல் படையெடுத்த காலிங்க மாகனோடு ஒருவனாக்கினார். பெயரொலியின் ஒப்புமையும் காலத்தின் அணிமையும் இம்முடிவுக்குத் துணைநின்றன. 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதிய சுவாமி ஞானப்பிரகாசர், நூலின் காலக்கணக்கையும் கதைப்போக்கையும் கடுமையாகச் சோதித்தார். ஆயினும் அவரும் இவ்விருவரையும் ஒருவராகக் கொள்ளும் போக்கினின்று முற்றாக விலகினாரல்லர். முன்னோடிகளின் உழைப்பு போற்றற்குரியது. எனினும் இரு பெயர்கள் ஒலியால் நெருங்குவது இரு மனிதர் ஒருவரே என்பதற்குச் சான்றாகாது.

நாம் வினவவேண்டியது வேறு. ஒவ்வொரு கூற்றாலும் நயம்பெறுபவர் யார்? அரசவையிலே எழுந்த சோதிட நூல், ஆளும் மரபுக்குப் புனிதத் தொடர்பு கற்பிப்பதில் நயமுடையது. குடியேற்றக் கதைகளைத் தொகுத்த நூல்கள், சோழ பாண்டிய நாட்டுத் தொடர்பால் தம்மைப் பெருமைப்படுத்திய குடிகளின் நயத்தைக் காத்தன. சூளவம்சத்துக்கோ ஆரியச்சக்கரவர்த்தியைப் புகழ வேண்டிய தேவை யாதுமில்லை. தன் சமயத்துக்கு நேர்ந்த பேரிழப்பையே அது பதிவுசெய்கின்றது. நிகழ்ச்சிக்கு அண்மைக் காலத்ததாயும், கூறப்படும் செய்தியால் தனக்கு ஆக்கமொன்றும் பெறாததாயும் உள்ள சான்று, இவ்விடத்து ஏனைய இரண்டினும் வலியுடையதாகின்றது. க. இந்திரபாலா, சி. பத்மநாதன் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பின்னர், பாண்டியப் படையெடுப்போடு இவ்வரசமரபைத் தொடர்புறுத்தும் கருத்து உறுதிபெற்றமை இதனாலேயே.

இதனால் செகராசசேகரமாலை பொய் நூல் என்றாகிவிடாது. தோற்றத்துக்கு அது வலியற்ற சான்று. ஆனால் ஆளுங்குழுவினர் தம்மை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. ஒரே ஆவணம் ஒரு வினாவுக்கு வலியற்றதாயும் இன்னொரு வினாவுக்கு வலியுடையதாயும் இருத்தல் கூடும்.

2. பெயரொற்றுமையும் ஆளொற்றுமையும்

யாழ்ப்பாண மன்னர் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் அரியணைப் பெயர்களை மாறிமாறிச் சூடினர். ஆகவே ஓர் ஏட்டில் இவற்றுள் ஒன்று வருதல் கொண்டு இன்ன மன்னன் எனத் துணிய இயலாது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் தொடர்பான சிக்கலும் இத்தகையதே. புவனேகவாகு என்பவனால் சக ஆண்டு 870 இல், அதாவது கி.பி. 948 இல், நகரும் கோவிலும் அமைந்தன என்னும் மரபு ஒருபுறம். கோவிற் கட்டியத்திலோ புவனேகபாகு என்னும் பெயர் சிறீசங்கபோதி என்னும் சிங்கள அரச விருதோடு வருகின்றது. 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பின்னர் கோட்டையில் ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடிய சப்புமல் குமாரயவையே இவ்விருது நினைவூட்டுகின்றது. விருது வழிபாட்டிலே ஓதப்பட்டு மாறாது நின்றது. ஆண்டுக் கணக்கோ தொன்மை வேட்கைக்கு எளிதில் இடங்கொடுத்தது.

இவற்றினும் முதன்மை வாய்ந்தது சங்கிலி பற்றிய சிக்கலாகும். வைபவமாலையில் சங்கிலி ஒருவனே. மன்னாரிலே மதம் மாறியோரைக் கொன்றவனும் அவனே. பறங்கியரிடம் அரசை இழந்தவனும் அவனே. போர்த்துக்கீசச் சான்றுகளின்படி மன்னார்க் கொலை நிகழ்ந்தது 1544 இல். பிலிப்பு தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1619 இல். இடைப்பட்டவை 75 ஆண்டுகள். 1519 இல் ஆட்சிக்கு வந்த முதலாம் சங்கிலியும், 1617 இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய சங்கிலி குமாரனும் ஒருவராதல் இயலாது. இடையிலே புவிராச பண்டாரம், காசி நயினார், பெரியபிள்ளை, 1591 இல் போர்த்துக்கீசரால் அரியணையேற்றப்பட்ட எதிர்மன்னசிங்கம் ஆகியோர் ஆண்டனர். வைபவமாலையின் சங்கிலி கதையில் இவர்களுக்கு இடமில்லை.

வாய்மொழி நினைவு ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்குதல் இயல்பு என்று கூறி இதனை விட்டுவிடலாம். ஆனால் கதையின் அமைப்பு அதற்கு அப்பாலும் நம்மை இட்டுச்செல்கின்றது. வைபவமாலையின் சங்கிலி, காமக்கிழத்தி வயிற்றுப் பிள்ளை; முறையான உரித்தாளரை நீக்கி முடிகொண்டவன். அவனுக்கு எதிர்நிலையில் நிற்பவன் முறையான அரசகுமாரனாகிய பரநிருபசிங்கன். பறங்கியர் ஆட்சியில் பரநிருபசிங்கனின் வழியினர் ஊர்களுக்கு முதலிகளாகின்றனர். அந்நியரை எதிர்த்தவனின் பிறப்பு இழிக்கப்படுகின்றது; அந்நியரோடு இணங்கியோரின் வமிசமே உண்மை அரச வமிசமாகத் தொடர்கின்றது. முதலியார் பதவியையே தன் அதிகாரத்துக்கு அடிப்படையாகக் கொண்ட நிலவுடைமை வர்க்கத்துக்கு இதனினும் வாய்ப்பான வமிசாவளி வேறு யாது? புலவர் இதனைத் திட்டமிட்டுப் புனைந்தார் என்று நாம் கூறவில்லை. அவர் காலத்து உயர்குடியினரின் கருத்துநிலை, பழைய நினைவுகளுள் எவை நிலைக்கவேண்டும், எவை மறையவேண்டும் என்பதை ஏற்கெனவே தீர்மானித்திருந்தது என்பதே நம் கருத்து.

போர்த்துக்கீசச் சான்றுகளும் நடுநிலையானவை அல்ல. தமது ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தச் சங்கிலியைக் கொடுங்கோலனாகவும் உரித்தற்றவனாகவும் காட்டுதல் அவர்களுக்கும் ஏற்புடையதாயிருந்தது. எனவே சங்கிலியின் பண்பு பற்றி இருசாராரும் ஒத்துரைப்பதை நாம் ஐயத்தோடு நோக்கவேண்டும். காலம் பற்றி, நிகழ்ச்சிக் காலத்திலேயே எழுந்த கடிதங்களையும் அறிக்கைகளையும் ஏற்கலாம். ஒத்துரைக்கும் சான்றுகள் யாவும் தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஒரே நயத்திலிருந்து பிறந்தவை எத்தனையாயினும் ஒன்றாகவே எண்ணத்தக்கன.

3. குடும்பங்களின் ஆவணங்கள்

அரசமரபுக்குப் பொருந்தும் இவ்வளவைகள் குடும்ப வரலாற்றுக்கும் பொருந்தும். பாண்டி மழவன் திருநெல்வேலியிலும் பேராயிரவன் இணுவிலிலும் குடியேறினர் என்றவாறு ஊர்தோறும் ஒரு முதற்குடியைக் காட்டும் குடியேற்றப் பட்டியலைப் பல குடும்பங்கள் தம் வமிசாவளியின் தலைப்பாகக் கொண்டன. அதற்கும் கண்கூடான ஆவணங்களுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆவணங்கள் எனத்தக்கவை 1645 ஆம் ஆண்டின் போர்த்துக்கீசத் தோம்பு, ஒல்லாந்தரின் நிலத்தோம்பு, தலைத்தோம்பு, திருச்சபைப் பதிவேடுகள், உறுதிகள் ஆகியவை.

இவையும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன; முரண்படும் காரணம் அவற்றின் நோக்கிலேயே அடங்கியுள்ளது. தோம்பு எழுதப்பட்டது வரியும் ஊழியமும் பெறுதற்பொருட்டு. சாதிக்கேற்ப ஊழியம் வேறுபட்டமையால், எச்சாதியாய்ப் பதியப்படுவது என்பது பொருளியற் போராட்டமாயிற்று. தலைமுறைக்குத் தலைமுறை ஒரு குடும்பத்தின் சாதிப்பெயர் மாறிவருதலைக் காணும்போது, எழுதியவன் பிழை எனத் தள்ளுதல் எளிது. அது சமூக ஏற்றத்தின் தடமாகவும் இருக்கலாம். திருச்சபைப் பதிவேட்டில் உள்ளவன் கிறித்தவப் பெயரினன். வீட்டில் அவனே சைவப் பெயரினன். பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் திருமுழுக்கு வேண்டப்பட்ட காலத்தில் ஒருவன் இரு பெயரோடு வாழ்ந்தான். ஆய்வாளன் அவனை இருவராக எண்ணிவிடக்கூடாது. நிலத்தின் எல்லை, தந்தை பெயர், மனைவி பெயர் ஆகியன பொருந்துகின்றனவா எனப் பார்த்தே முடிவுசெய்தல் வேண்டும்.

பெண்வழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். வமிசாவளிகள் பெரும்பாலும் ஆண்பெயர்களின் கோவைகளே. ஆனால் 1707 இல் தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாக வகுத்தது. சீதனம் மகளிர்வழியே செல்வது. ஆகவே வமிசாவளி மறந்துவிட்ட தாயும் பாட்டியும் சீதன உறுதிகளிலே நிலத்தோடு நிற்கின்றனர். ஏடும் உறுதியும் முரண்படும் பல இடங்களில் உறுதியின் பக்கமே உண்மை இருக்கக் காணலாம். புகழுரைக்குப் பொய் வேண்டியிருக்கலாம். காணிக்கு எல்லை வேண்டும்.

முரண்படுதற்குக்கூட ஆவணமற்றோர் நிலை யாது? தேசவழமை நளவரையும் பள்ளரையும் கோவியரையும் அடிமைகள் என்னும் தலைப்பின்கீழ் வைத்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இலேயே. அதுவரை இம்மக்களின் பெயர்கள் எழுத்தில் வந்தவிடத்துப் பெரும்பாலும் பிறரின் உடைமையாகவே வந்தன. அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் தம் முன்னோரைத் தேடுவாராயின், ஆண்டையின் உறுதியிலேயே தேடவேண்டியவராகின்றார். அவர்களிடம் உள்ள வாய்மொழி மரபை, ஏட்டுக்கு முரணானது என்பதற்காகத் தள்ளுவது முறையன்று. ஏட்டை எழுதியவன் எதிர்த்தரப்பினன் என்பதை மறந்த செயலாகும் அது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் எரிந்தன. பின்னர் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளின் பெட்டகங்களை வெறுமையாக்கின. எஞ்சியிருப்பவை சிலவே, அவை முரண்படுகின்றன என்பதற்காக ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிடும் உரிமை நமக்கில்லை. ஒவ்வோர் ஆவணத்தையும் எழுதியவன், காலம், நோக்கம், நயம் ஆகியவற்றோடு சேர்த்துப் படியெடுத்தல் வேண்டும். தீர்க்கத்தக்க முரணைத் தீர்த்தல் வேண்டும். தீராதவிடத்து இரு கூற்றையும் அருகருகே நிறுத்தி, ஏன் தீரவில்லை என எழுதிவைத்தல் வேண்டும். அரச வமிசத்தோடு தம் பெயரை இணைத்துக்கொள்ளும் ஆசைக்கு இம்முறை உதவாது. ஆனால் நிலத்தை உழுதவரும், சீதனமாய் நிலத்தைக் கைமாற்றிய பெண்டிரும், உறுதியில் உடைமையாய் எழுதப்பட்டவரும் இம்முறையாலேயே வரலாற்றுள் வருவர்.