ஃபோர்டு கதவு கீபேட்: பழுது எங்கே இருக்கிறது?

ஓட்டுநர் கதவின் வெளிப்புறத்தில் ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்: 1·2, 3·4, 5·6, 7·8, 9·0. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980 மாடல் கார்களில் கொண்டுவந்த இந்தச் சாவியில்லா நுழைவு கீபேட், ஃபோர்டு, லிங்கன் வண்டிகள் பலவற்றில் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் ஓட்டுநர் கதவு திறக்கும். அடுத்த ஐந்து விநாடிக்குள் 3·4 அழுத்தினால் மற்றக் கதவுகளும், 5·6 அழுத்தினால் டிக்கியும் திறக்கும். 7·8, 9·0 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

ஐந்து பொத்தான், ஐந்து இலக்கம் என்பதால் சாத்தியமான சேர்க்கைகள் 3,125 மட்டுமே. யாரும் வரிசையாக அழுத்திப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, தவறான எண் ஏழு முறை, அதாவது 35 அழுத்தல்கள், தொடர்ந்து வந்தால் கீபேட் ஒரு நிமிடம் முடங்கும். பழுது பார்க்க வந்தவரே அவசரத்தில் மாற்றி மாற்றி அழுத்தி இந்த முடக்கத்தை வரவழைத்துவிட்டு, கீபேட் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதும் நடக்கிறது.

கீபேட் தானாக எந்தக் கதவையும் திறப்பதில்லை. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கட்டுப்பாட்டு மாட்யூலுக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. எண்ணைச் சரிபார்ப்பதும் பூட்டின் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதும் மாட்யூல். எனவே முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். உட்புறப் பூட்டு சுவிட்சும் ரிமோட்டும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தால் போதும். இரண்டுமே செய்யவில்லை என்றால் ஃபியூஸ், மோட்டார், மாட்யூல் பக்கம் போக வேண்டும். இரண்டும் செய்தால் கீபேட், அதன் வயர், மாட்யூலில் அது நுழையும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றுதான். பழைய வண்டியை வாங்கியவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாட்யூலை முன்பு யாராவது மாற்றியிருந்தால் தொழிற்சாலை எண்ணும் மாறியிருக்கும். கையேட்டோடு வந்த அட்டையிலுள்ள எண் அப்போது செல்லாது. புது எண் மாட்யூலின் லேபிளில் இருக்கும்.

அடுத்த துப்பு விளக்கு. இருட்டில் கீபேட் அணைந்திருக்கும்போது ஒரு பொத்தானைத் தொட்டால் பின்விளக்கு எரியும். அது தானாக அணையும்வரை பொறுத்து, அடுத்த பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பொத்தானுக்கு விளக்கு எரியவில்லையோ அதன் செய்தி மாட்யூலுக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்றிரண்டு மட்டும் செத்திருந்தால் சந்தேகம் கீபேட் மீதோ அந்தந்தப் பொத்தானின் வயர் மீதோ விழும். ஐந்துமே பேசவில்லை என்றால் பொது வயரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் கீபேடையே முதலில் கழற்றுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் கதவுக் கீல் பக்கம். கதவுக்கும் முன் தூணுக்கும் நடுவே, மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் வயர்க் கட்டு போகிறது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது மடிந்து நிமிர்கிறது. நாளடைவில் மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். கதவு ஒரு கோணத்தில் இருக்கும்போது மட்டும் கீபேட் வேலை செய்தால் காரணம் ஏறக்குறைய இதுதான். ரப்பர் உறையைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்தால், நல்ல வயர் விறைத்து நிற்கும். உள்ளே அறுந்தது ரப்பர் பேண்ட் போல நீளும். அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதமே தாங்கும். மென்மையான வயர்த் துண்டு சேர்த்து ஈயம் வைத்து, ஒட்டு மடியும் இடத்துக்கு வெளியே வருமாறு செய்ய வேண்டும்.

வயர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டர். பொத்தானுக்கு ஒரு வயர் என்று அமைந்த பழைய வகையில், கனெக்டரைக் கழற்றி, பொது முனைக்கும் பொத்தான் முனைக்கும் நடுவே மின்தடை பார்க்கலாம். அழுத்தாதபோது மீட்டர் திறந்த சுற்று காட்ட வேண்டும். அழுத்தும்போது அளவு சட்டென்று இறங்க வேண்டும். அளவு நிலையில்லாமல் ஆடினால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. வெயிலில் வெடித்த மேலுறை வழியாகத் தண்ணீர் இறங்கி, தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கும். முனைகளின் வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் அந்த ஆண்டுக்குரிய வயரிங் படத்தைப் பார்க்காமல் அளக்கக் கூடாது. ஈரத்தால் ஒட்டிக்கொண்ட பொத்தான் இன்னொரு வம்பும் செய்யும்: மாட்யூலைத் தூங்கவிடாமல் பேட்டரியைக் குடிக்கும். வண்டி முழுதாக உறங்கிய பிறகும் மின்கசிவு 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், கீபேட் கனெக்டரைக் கழற்றி அளவு இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

எல்லாப் பொத்தான்களும் வேலை செய்து, திறக்கிறது, ஆனால் பூட்டவில்லை என்ற புகார் வந்தால் கீபேட் பொறுப்பல்ல. ஓட்டுநர் கதவு மூடியிருந்தால்தான் மாட்யூல் பூட்டும். கதவை மூடிய பிறகும் டேஷ்போர்டில் அது திறந்திருப்பதாக விளக்கு எரிந்தால், கதவு மூடியதை அறியும் சுவிட்ச் பொய் சொல்கிறது.

பிந்தைய மாடல்கள் பலவற்றில் பொத்தான் போய், ஓட்டுநர் கதவின் தூணில் பளபளப்பான தொடுதகடு வந்தது. பார்க்க அழகு, கையுறை போட்ட விரலை அது மதிப்பதில்லை. அசையும் பொத்தான் இல்லாததால் மின்தடை அளக்கும் வழி இதற்குப் பயன்படாது. மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்த்தபின் ஸ்கேன் கருவியிடம்தான் போக வேண்டும். பழுது பார்ப்பவரின் கண்ணில் பழைய பொத்தான் வகையே மேல். அதில் எண் கீபேடில் இல்லை, மாட்யூலில் இருக்கிறது. அதனால் உடைப்புக் கடையில் கிடைக்கும் அதே மாடல் கீபேடை மாட்டினாலும் பழைய எண்ணே தொடரும்.