பாதபூஜை கற்றுத்தராத நன்றி

பொதுத்தேர்வு நெருங்கினால் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் இப்போது பாதபூஜை நடக்கிறது. பெற்றோரை வரிசையாக நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். பிள்ளைகள் தாம்பாளத்தில் அவர்கள் காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, பூத்தூவி விழுந்து வணங்குகிறார்கள். 2025 ஜூலையில் குருபூர்ணிமாவை ஒட்டிக் கேரளப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்களை ஆசிரியர்களின் காலைக் கழுவ வைத்தது பெரும் சர்ச்சையானது. அப்போது அம்மாநில ஆளுநர் ராஜேந்திர ஆர்லேகர், அது நம் பண்பாடு என்று ஆதரித்துப் பேசினார். மலைக்கு இந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கிலும் அதே வாதம்தான் காதில் விழுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றியே கிடையாது, இப்படியாவது பழக்கினால்தான் உண்டு என்கிறார்கள்.

பழக்கத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. பொருள் விளங்கும் முன்பே கைகூப்பக் கற்ற குழந்தைக்கு ஒருநாள் பொருளும் விளங்கும். கிறிஸ்தவரும் இந்துக்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும், இப்பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டி போன்ற ஊரில், சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லும் வீட்டிலும், முதல் விளைச்சலைச் சாமிக்குப் படைக்கும் வீட்டிலும் குழந்தை ஓர் உண்மையைக் கற்கிறது: தட்டில் இருப்பதெல்லாம் நம் சாமர்த்தியத்தால் மட்டும் வந்ததல்ல. இறைநம்பிக்கை இதைக் கற்றுத்தரும் அளவுக்கு எந்த நீதிபோதனை வகுப்பும் கற்றுத்தராது.

ஆனால் பள்ளி மேடையில் நடப்பது வேறு. அங்கே ஒலிவாங்கியில் ஒருவர், அம்மா பட்ட பிரசவ வலியையும் அப்பாவின் கிழிந்த சட்டையையும் உருக்கமாக விவரிக்கிறார். பிள்ளைகள் தேம்பி அழுகிறார்கள், அது கைப்பேசிகளில் பதிவாகிறது. அந்த அழுகையைத்தான் நிகழ்ச்சியின் வெற்றி என்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம், உன்னால்தான் இவர்கள் இத்தனை துன்பப்பட்டார்கள், தேர்வில் மதிப்பெண் வாங்கி இதைத் தீர்த்துவிடு என்று சொல்வது கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. அப்பாவை இழந்த பிள்ளை அந்த வரிசையில் எங்கே நிற்பது? குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பாவின் காலை நேற்று வாங்கிய அடியின் தழும்போடு கழுவும் பிள்ளை அங்கே என்ன கற்கிறது? ஒரு நாள் கூலியை விட முடியாமல் விழாவுக்கு வராத தாயின் பிள்ளைக்கு, தன் தாயின் வறுமையைத் தவிர வேறு எது அன்று தெரியவரும்?

வள்ளுவரைத் துணைக்கு அழைக்காமல் இந்த விழாக்கள் முடிவதில்லை. செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, குருவும் இல்லை, அரசனும் இல்லை. நாம் எதுவும் செய்யாதபோதும் உதவியவர், ஏற்ற நேரத்தில் உதவியவர், பயனை எண்ணாமல் உதவியவர், தினையளவே செய்தவர் என இவர்களைப் பற்றித்தான் பேச்சு. மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு மக்கட்பேற்றில் வருகிறது. அங்கேயும் வழிபாடு இல்லை, ஊரார் கண்டு வியக்கும்படி வாழ்வதுதான் கைம்மாறு. கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு லூக்கா நற்செய்தியின் பத்துத் தொழுநோயாளிகள் கதை தெரிந்திருக்கும். நலம் பெற்ற பத்துப் பேரில் திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவரே, அவரும் அந்நியரான சமாரியர். திரும்பி வா என்று அவருக்கு யாரும் ஆணையிடவில்லை. தானாக வந்ததால்தான் அந்த நன்றிக்கு மதிப்பு.

ஆணையில்லாமல் பிறந்த நன்றிக்குப் பள்ளத்தாக்கிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே போன நீர் கிழக்கே திரும்பியது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் படத்தை விவசாயிகள் தாமாகவே வீட்டில் மாட்டினார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்த அரசு, மக்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். பெற்றோரின் செயலைப் பார்த்துப் பிள்ளை கற்றது என்றால் இதுதான். ஆனால் இங்கேயும் ஒரு குறை. காட்டில் சுண்ணாம்பும் கல்லும் சுமந்து, காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கு எந்த வீட்டுச் சுவரில் படம் இருக்கிறது? நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் நன்றி எப்போதும் மேல்நோக்கியே போகிறது: சாமி, துரை, குரு, அப்பா என்று. பாதபூஜை அந்தக் கோணலை நேராக்கவில்லை, சடங்காக்கி இறுக்கிவிட்டது.

பெற்றோரின் முன்மாதிரி என்று சொன்னால் நான் பார்ப்பது திராட்சைத் தோட்டத்தைத்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பற்றி ஊரே பெருமைப்படுகிறது. பந்தலுக்கடியில் கழுத்தை அண்ணாந்தபடி நாள் முழுக்க குலை வெட்டும் பெண், விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண், இவர்களை அப்பா எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைப் பிள்ளை கவனித்துக்கொண்டே இருக்கிறது. தன் பாட்டி வயதுக்காரியை அவர் வா, போ என்றால் அதையும் கற்கும். பேசிய கூலியைச் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கையில் கொடுத்து, சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டால் அதையும் கற்கும். பிந்தியதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தாம்பாளம் தேவையில்லை.

பெற்றவர்களையே வணங்காத பிள்ளை கூலிக்காரரையா மதிக்கப்போகிறது என்று கேட்கிறார்கள். வரிசை தலைகீழ். இன்று பெற்றோர் கையில் அதிகாரம் இருக்கிறது. சோறும் பள்ளிக் கட்டணமும் அவர்கள் தருவது. முப்பது ஆண்டு கழித்து நிலம் பிள்ளை பெயருக்கு மாறியிருக்கும், கண் மங்கியிருக்கும், அவர்களும் பிறர் கையை எதிர்பார்ப்பவர்களாக இருப்பார்கள். பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லி 2007இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட முதியோர் அதன்படி கோட்டாட்சியரிடம் மனுவோடு நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் காலில் விழத் தெரியாமல் இல்லை. திருமணத்தில் விழுந்திருப்பார்கள், புதுமனை புகுவிழாவில் விழுந்திருப்பார்கள். வலுவிழந்த ஒருவருக்கு நன்றி சொல்வதைத்தான் அவர்கள் யாரிடமும் பார்த்ததில்லை.