பாறை முகமும் கேட்கும் முகமும்

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் சில பாறைகள் இருக்கின்றன. ஷங்கரின் 'அந்நியன்' (2005) படத்தில் ஒரு பாட்டுக்காக அந்த ஊரின் சுவர்களுக்கும் தெருவுக்கும் வர்ணம் அடித்தார்கள். கலை இயக்குநர் சாபு சிரில். ஊருக்கு வெளியே கிடந்த பாறையும் தப்பவில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் என்று முகங்கள் அதில் ஏறின. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் குளிக்க வருகிறவர்கள், சூரியகாந்தி வயல்களைப் பார்க்கிற கையோடு இந்தப் பாறையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எக்காலத்துக்கும் உரிய நடிகர்கள் யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு எழுதி வைத்திருக்கும் விடை இது. வர்ணம் வெளிறலாம். வரிசை வெளிறுவதில்லை.

இந்த விடையில் தேர்வு என்று ஒன்று நடந்திருக்கிறதா என்பதே என் சந்தேகம். பாகவதரா சின்னப்பாவா, எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலா என்று தலைமுறைக்கு ஒரு ஜோடியைச் செய்து கொடுத்துவிடுகிறோம். பையன்கள் எந்தத் தெருவில் பிறந்தார்களோ அந்தப் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். கட்சி சேர்வதற்கு ரசனை வேண்டியதில்லை. எதிரி இருந்தால் போதும்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் செய்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. வெகுஜனக் கலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம்; மீறி எழுதினால் இயக்குநரைப் பற்றி எழுதினோம். டீக்கடையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நடிகன் உண்டு. அச்சில் ஒருவனுக்கும் கிடையாது. காட்சியைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, இவன் நடிகன், இவன் இல்லை என்று வாதிக்கும் வேலையை மன்றங்களுக்கும் போஸ்டர் ஓவியர்களுக்கும் விட்டுவிட்டு, பிறகு அவர்கள் வரைந்த முகங்களைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயமில்லை.

தேர்வு என்ற காரியத்துக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. குற்றாலத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1954இல் மறைந்த டி.கே.சி. கம்பன் பாட்டுகளைப் படித்து, இது கம்பன், இது கம்பன் இல்லை என்று தள்ளினார். தள்ளியதற்கு ஏட்டு ஆதாரம் காட்டவில்லை; தம் காதைத்தான் ஆதாரமாகச் சொன்னார். பண்டிதர்கள் கொதித்தார்கள். அவருடைய ரசனை முறை 'ஆகா'வில் முடிந்துவிடுகிறது என்று நமக்கும் புகார் உண்டு. அந்தப் புகாரில் உண்மையும் உண்டு. ஆனால் தள்ளுகிறவனுக்கு ஒரு அளவுகோல் இருந்தாக வேண்டும். பாறையில் வரைகிறவனுக்கு அது தேவைப்படவில்லை.

பாறை முகங்களைப் பற்றி யோசிக்கும்போது குற்றாலத்துச் சித்திர சபை நினைவுக்கு வருவது தற்செயலாக இருக்க முடியாது. நடராஜனின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் மூர்த்தி ஓவியமாக இருக்கிறார். வர்ணம்தான், சுவர்தான்; ஆனால் ஆட்டத்தை வரைய வந்தவன் முழு உடம்பை வரைந்திருக்கிறான். தூக்கிய கால் உண்டு, மிதித்த கால் உண்டு. சுந்தரபாண்டியபுரத்துக்கு உடம்பு வேண்டியிருக்கவில்லை. கழுத்துக்கு மேலே போதும். நட்சத்திரம் என்றாலே கழுத்துக்கு மேலே உள்ளதுதான் என்று அந்தப் பாறை ஒப்புக்கொள்கிறது.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். எதிரில் இருப்பவன் பேசும்போது இந்த ஆளுக்கு என்ன நேர்கிறது? நடிப்பை நான் பார்ப்பது அங்கேதான். பேசுவது வசனகர்த்தாவின் உபயம். கேட்பதை யாரும் எழுதித் தர முடியாது.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அதை நாகேஷின் காட்சி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாகேஷ் அதில் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் கதை நடப்பது பாலையாவின் முகத்தில். பணக்காரத் தகப்பன், உதவாக்கரை மகன் சொல்லும் கதையைக் கேட்க உட்காருகிறார். முதலில் அலட்சியம். பிறகு, அலட்சியத்தை விட்டுவிடாமலே, கொஞ்சம் கவனம். கவனம் பயமாகும் இடத்தைக் கோடு போட்டுக் காட்ட முடியாது. பயந்துவிட்டோம் என்பதை மகன் பார்த்துவிடக் கூடாதே என்கிற கௌரவம் வேறு கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் முகத்தை மறைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். ஒரு இளைஞன் அர்த்தமில்லாமல் சத்தம் போட்டுக்கொண்டிருப்பான்.

மறுவருஷம் 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதர். சபையில் அவர் பாடும் பாட்டு பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். பாலையா வாயசைக்கிறார், தோரணை காட்டுகிறார். அது ஒரு திறமை. இரவில் விறகு வெட்டி பாடுவதைத் திண்ணைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது வேறு தரம். வித்துவான் என்பதனால் அவனுக்குக் கேட்கத் தெரியும். கேட்கத் தெரிவதனாலேயே அவன் தோற்கிறான். ஞானமும் அகங்காரமும் ஒரே காதில் குடியிருப்பது அந்த முகத்தில் தெரிகிறது. பாடுவதற்கு இரவல் குரல் கிடைத்தது. கேட்பதற்கு அவரிடம் இருந்தது சொந்த முகம்தான்.

பாலையா திருநெல்வேலிச் சீமைக்காரர். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'சதிலீலாவதி'யில் அறிமுகமானார். எம்.ஜி.ஆரும் அதே படத்தில்தான் அறிமுகம். ஒரே வாசலில் நுழைந்த இருவரில் ஒருவர் 1977இல் முதலமைச்சர். மற்றவர் 1972இலேயே போய்விட்டார். எம்.ஜி.ஆரின் வெற்றியை நடிப்புக் குறைவு என்று சொல்லித் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். அவர் கண்டுபிடித்தது வேறொன்று: படம் தொடங்கும்போதே முழுமையாக இருக்கும் ஒரு நல்லவன். தாய் அழுதாலும் வில்லன் மிரட்டினாலும் அவனுக்குள் எதுவும் இடம் மாறுவதில்லை. மாறாததனால்தான் ஜனங்கள் நம்பினார்கள். பாறையில் எழுதத் தகுந்த முகம் என்றால் அதுதான்.

மற்றவர்கள் விஷயம் அப்படி இல்லை. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) கடைசிக் காட்சியில், கல்யாணத்துக்குப் புறப்பட்ட தங்கை தன்னிடமே திரும்பி வரும்போது ரஜினியின் முகத்தில் வீம்பும் கர்வமும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. அந்தக் காளி கேட்கத் தெரிந்தவன். பிறகு வந்த படங்களில் அவர் எதிரில் நிற்பவர்கள் பேசி முடிக்கும் வரை அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். சிவாஜிக்குக் கேட்கத் தெரியாது என்று சொன்னால் பாவம் சேரும். 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) நாகஸ்வரத்தை வாயில் வைத்துக்கொண்டு கண்ணால் சலங்கையைத் தொடர்கிறார். 'முதல் மரியாதை'யில் (1985) கேட்பது தவிர வேறு அதிகம் செய்யவில்லை. நடுவில் எத்தனையோ படங்களில் எதிரில் ஆளே இல்லாதது போலப் பேசினார், நாமும் கைதட்டினோம். கமலிடம் எப்போதும் உழைப்பு தெரிகிறது. அது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

பாலையாவுக்கு அடுத்த இடத்தை நான் தருவது எஸ்.வி.சுப்பையாவுக்கு. ஊர் செங்கோட்டை, குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரம். பேசும்படம் பேசத் தொடங்கிய 1931க்குப் பிறகும் திரையில் வராமலே 1933இல் மறைந்த கிட்டப்பாவின் ஊரும் அதுதான். முகமே பதிவாகாத அந்த நடிகனை எக்கால வரிசை எதிலும் சேர்க்க வழியில்லை, இசைத்தட்டில் குரல் மட்டும் இருக்கிறது. சுப்பையாவுக்கு முகம் இருந்தும் வரிசையில் இடம் இல்லை.

'பாகப்பிரிவினை' (1959) படத்தில் பாலையா அண்ணன், சுப்பையா தம்பி. வீடு இரண்டாகிறது. கத்துகிறவர்கள் கத்துகிறார்கள். அண்ணன் முன்னால் நிற்கும் தம்பியின் தோளைப் பாருங்கள். நியாயம் தன் பக்கம் இருந்தும் அதைச் சொன்னால் அண்ணனுக்கு அவமானமாகிவிடுமே என்று கூனும் தோள் அது. நம் ஊர்களில் கூட்டுக் குடும்பம் உடைந்தது அப்படித்தான். 'கப்பலோட்டிய தமிழ'னில் (1961) பாரதி வேஷம். தலைப்பாகையும் மீசையும் போட்டுக்கொண்டால் யாருக்கும் வந்துவிடக்கூடிய வீறாப்பை அவர் நாடவில்லை. சிவாஜியின் வ.உ.சி. எதிரில், சிநேகிதன் சொல்வதைக் கேட்டுக் கலங்கிப்போகிற ஒரு பாரதியைக் காட்டினார். கவி என்றால் கர்ஜிப்பவன் என்று பழகிய நமக்கு அது சட்டென்று பிடிபடவில்லை.

குணச்சித்திர நடிகனுக்கு இதெல்லாம் சுலபம், படத்தைச் சுமக்கும் பாரம் அவனுக்கு இல்லையே என்று ஒரு ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம். ஆனால் பாரத்தைச் சுமப்பது யார்? கதாநாயகன் சொன்னது நம்மைத் தொட்டது என்று நாம் அறிவது, அதைக் கேட்டவன் முகத்தைப் பார்த்துத்தான். பெண்கள் இந்த வேலையைக் கூலி குறைவாகவே செய்துவந்திருக்கிறார்கள். 'நடிகர்' என்று கேட்டதும் ஆண்களாகவே நினைவுக்கு வரும் பழக்கத்தில் சாவித்திரியையும், ஜில்ஜில் ரமாமணியாக வந்த மனோரமாவையும் விட்டுவிடுகிறோம். 1935இல் 'நந்தனா'ருக்கு லட்சம் ரூபாய் வாங்கிய கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடத்திலேயே நடித்தார் என்பதும் மறந்துவிட்டது. அது தனியே எழுத வேண்டியது.

சுப்பையா சொந்தமாகத் தயாரித்த படம் 'காவல் தெய்வம்' (1969). ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதை, இயக்கம் கே.விஜயன். தன் பணத்தைப் போட்டு எடுக்கிறவன் தனக்கென்று என்ன வேஷத்தை வைத்துக்கொள்வான்? அவர் சிறை அதிகாரி வேஷத்தை எடுத்துக்கொண்டார். கைதிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதையைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் ஆள். சிவாஜி கௌரவ வேடத்தில், சாமுண்டியாக, கொஞ்ச நேரம் வந்து போகிறார். அந்தப் படத்தைப் பற்றி இன்று யாரிடம் பேசினாலும் சாமுண்டியைத்தான் சொல்கிறார்கள்.