லேப் இல்லாத செய்முறைத் தேர்வு: விடைக்குறிப்பை மனப்பாடம் செய்தால் போதுமா?

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் ஆறாவது தாள் என்று ஒன்று உண்டு. 'செய்முறைக்கு மாற்று' என்று அதற்குப் பெயர். ஒரு மணி நேரம், 40 மதிப்பெண், மொத்த மதிப்பீட்டில் 20 சதவீதம். லேபில் நின்று செய்யும் ஐந்தாவது தாளுக்குப் பதிலாக இதை எழுதலாம். கருவியின் படம், வெப்பமானி காட்டும் அளவு, சோதனையில் என்ன நடந்தது என்ற குறிப்பு எல்லாம் தாளிலேயே அச்சாகி இருக்கும். மாணவர் எதையும் தொட வேண்டியதில்லை. என்னிடம் சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் இந்த ஆறாவது தாளைத்தான் எழுதுகிறார்கள்.

இந்தத் தாளுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டால் எங்கும் ஒரே பதில்தான்: "பத்து வருஷத்துப் பழைய தாள் எல்லாம் போட்டுப் பாரு, விடைக்குறிப்பை மனப்பாடம் பண்ணு, அவ்வளவுதான்." இந்த அறிவுரையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இதில் பாதி சரி. சரியில்லாத மறுபாதியில்தான் மதிப்பெண் போகிறது. மதிப்பெண்ணைவிடப் பெரிய இன்னொன்றும் போகிறது.

முதலில் சரியான பாதி. தாளின் ஒரு பகுதி வெறும் பழக்கம். அட்டவணைத் தலைப்பில் அளவின் பெயரோடு அலகும் இருக்க வேண்டும். வரைபடத்தில் புள்ளிகள் கட்டத்தின் பாதிக்கு மேல் பரவும்படி அளவுத்திட்டம் அமைய வேண்டும். ஒரு கட்டத்துக்கு 3 என்று எடுத்தால் புள்ளி வைக்கும்போது கண்ணைக் கட்டும், 2 அல்லது 5 என்று எடுப்பது நல்லது. கூர்மையான பென்சிலில் சின்னக் குறி போதும். கோட்டைப் புள்ளிக்குப் புள்ளி இணைக்கக் கூடாது; விலகி நிற்கும் புள்ளியை விட்டுவிட்டு மற்றவற்றின் போக்கில் போட வேண்டும். இதெல்லாம் பழைய தாள்களைப் போடப் போட வந்துவிடும். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

இனி மறுபாதி. விடைக்குறிப்பு என்பது திருத்துபவருக்காக எழுதப்பட்ட சுருக்கம். மாணவர் எழுத வேண்டிய மாதிரி விடை அது இல்லை. அதைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள் மூன்று வாக்கியங்களோடு தேர்வறைக்குள் போகிறார்கள்: 'திரும்பச் செய்து சராசரி எடு', 'இடமாறு தோற்றப்பிழையைத் தவிர்', 'மற்ற மாறிகளை மாறாமல் வை'. என்ன கேள்வி வந்தாலும் இந்த மூன்றில் ஒன்று. கண்ணாடிக் குடுவைக்குப் பதில் தெர்மாகோல் கப் ஏன் என்று கேட்டாலும் 'துல்லியம் கூடும்' என்று எழுதிவிட்டு வருகிறார்கள். வெப்பம் வெளியே போவது குறையும் என்பதுதான் விடை. அந்த கப்பில் டீ குடித்த கைக்கு இது தெரியும், எழுதும்போது மட்டும் ஞாபகம் வருவதில்லை.

தொடாமல் படிப்பதால் எங்கே வழுக்குகிறது என்பதற்குச் சில உதாரணங்கள்.

பியூரெட்டில் பூஜ்யம் மேலே இருக்கிறது, எண்கள் கீழ்நோக்கிக் கூடும். அளவு ஜாடியில் இது தலைகீழ். படத்தில் மேலே 23, கீழே 24, திரவ மட்டம் 23-க்கு நாலு கோடு கீழே என்றால் விடை 23.4. பியூரெட்டைக் கையில் பிடிக்காத பிள்ளை 24-லிருந்து மேல்நோக்கி ஆறு கோடு எண்ணி 24.6 என்று எழுதும். வேதியியல் தெரியாததால் வரும் தப்பு இல்லை இது. குழாயைத் திறந்தால் மட்டம் இறங்கும், இறங்க இறங்க அளவு கூடும் என்பதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

தனி ஊசலில் ஏன் ஓர் அலைவுக்குப் பதில் 20 அலைவுக்கு நேரம் எடுக்கிறோம்? 'துல்லியம்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு மீட்டர் நூலில் ஓர் அலைவு சுமார் 2 வினாடி. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் 0.2 வினாடி பிசகினால் அது 10 சதவீதம். அதே பிசகு 40 வினாடியில் வந்தால் அரை சதவீதம்தான். இன்னொன்று செய்து பார்த்தால்தான் தெரியும்: குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்தால் இருபது சொல்லி முடிக்கும்போது 19 அலைவுதான் ஆகியிருக்கும். 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும்.

வேதியியலில் சொல் முக்கியம். காப்பர் சல்பேட் கரைசல் தெளிவானது, ஆனால் நிறமற்றது இல்லை, அது நீலம். 'தெளிவான', 'நிறமற்ற' இரண்டையும் ஒன்றாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அலுமினியம், துத்தநாகம் இரண்டுமே சோடியம் ஹைட்ராக்சைடில் வெள்ளை வீழ்படிவு தரும், மிகுதியாக ஊற்றினால் இரண்டுமே கரையும். அம்மோனியா கரைசலை மிகுதியாக ஊற்றினால் துத்தநாகத்தின் வீழ்படிவு கரையும், அலுமினியத்தின் வீழ்படிவு கரையாது. 'மிகுதியாக' என்ற ஒரு சொல்லில்தான் விடையே இருக்கிறது. சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தவர் அந்தச் சொல்லை விடமாட்டார்.

கடைசியில் திட்டமிடும் கேள்வி. இரண்டு வகை வினிகர், எதில் அமிலம் அதிகம் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வகுக்கச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 'எல்லா மாறிகளையும் சமமாக வைப்பேன்' என்பது விடை ஆகாது. எந்த வினிகரிலும் 25 கன சென்டிமீட்டர் பிப்பெட்டில் எடுக்கிறேன், நிறங்காட்டி சில சொட்டு விடுகிறேன், பியூரெட்டிலிருந்து ஒரே செறிவுள்ள காரத்தைக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே சேர்க்கிறேன், நிறம் மாறியதும் அளவைக் குறிக்கிறேன், எதற்குக் காரம் அதிகம் பிடித்ததோ அதில் அமிலம் அதிகம். இப்படிப் பெயர் சொல்லி எழுத வேண்டும். இதை மனப்பாடம் செய்ய முடியாது, அடுத்த வருஷம் வேறு பொருள் வரும்.

சரி, லேப் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? சமையலறை போதும் என்பது என் கருத்து. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஒன்றை மூடி, எது சீக்கிரம் ஆறுகிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை குறிக்கலாம். (லேப் வெப்பமானி வேண்டும், காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி 42 டிகிரி வரைதான், வெந்நீரில் உடையும்.) இரண்டாவது டம்ளரில் ஊற்றுவதற்குள் தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போகும். அப்போதுதான் 'தொடக்க வெப்பநிலை சமமாக இருக்க வேண்டும்' என்பது புத்தக வாக்கியமாக இல்லாமல் ஒரு தொல்லையாகப் பிடிபடும். எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை எப்போது நின்றது என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லட்டும். ஒத்துவராது. நிறங்காட்டி எதற்கு என்று அங்கே புரியும். நூலில் ஒரு நட்டைக் கட்டினால் ஊசல் தயார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அதற்குப் பிறகு பழைய தாள் போடட்டும். கூடவே ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு வரும் தேர்வாளர் அறிக்கையையும் படிக்கட்டும். பிள்ளைகள் எங்கே தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்று அதில் விளக்கம் இருக்கும்.

தாளின் மீதும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ அறிவியலிலும் செய்முறைத் திறனை எழுத்துத் தேர்வில்தான் கேட்கிறார்கள், மதிப்பெண்ணில் குறைந்தது 15 சதவீதம். ஆனால் தனிப்பாடம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 சோதனைகளைப் பள்ளி செய்ய வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் கூடவே இருக்கிறது. எழுதும் கேள்வி, செய்த வேலையின் மேல் நிற்கிறது. ஆறாவது தாளை எழுதும் பிள்ளைகளும் படிப்பு முழுக்கச் சோதனைகள் செய்திருக்க வேண்டும் என்பதுதான் பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் ஒரு பியூரெட்டைக்கூடத் திறக்காமல் இந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும். அப்படி வாங்கிய பிள்ளை, அறிவியல் என்றால் சரியான வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது என்று நம்பியபடி பதினொன்றாம் வகுப்புக்குப் போகும். எனக்குக் கவலை அந்த 20 சதவீதத்தைவிட இதைப் பற்றித்தான்.