நெடுநல்வாடையில் மனையும் மனமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளை உடையது. இரு கோல் நட்டு, நிழல் ஒருபாற் சாயாத நண்பகலில் திசை கண்டு, நூலிட்டு அரண்மனை வகுத்த முறையை நக்கீரர் அதன்கண் விரித்துரைக்கின்றார். அப்பகுதி பண்டைக் கட்டடக் கலைக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. அது தக்கதே. ஆயின், பிரிவுத் துயரைப் பாடப் புகுந்த புலவர்க்கு இத்துணைக் கட்டட வருணனை எற்றுக்கு என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

மனை உடற்குச் செய்யும் நன்மையைப் புலவர் மறுத்திலர். வாடைக் காலத்தில் மூதூர் மாந்தர் பலகணிகளை அடைத்துக் கணப்பில் தீ மூட்டுகின்றனர். வேனிலில் வேண்டிய விசிறிகளோ சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. பருவத்திற்கேற்ப வீடு மாறுகின்றது. அதனால் உடல் இனிது வாழ்கின்றது. இனி, அரண்மனையோ எவ்வாடையையும் தடுக்க வல்லது. எனினும் அதனுள் உறையும் அரசி ஆறுதல் பெற்றிலள்.

செல்வத்தையும் துயரையும் முரண்படக் காட்டற்கே இவ்வருணனை என்று கூறலாம். அவ்வளவே கருத்தாயின், பொன்னும் மணியும் போதும். புலவர் தேர்ந்தெடுத்த பொருள்களோ வேறு. அரசனன்றிப் பிற ஆடவர் அணுகாத உட்கட்டு. தம் துணையைப் புணர்ந்த அன்னங்களின் தூவி பரப்பிய அணை. திங்களொடு பிரியாத உரோகிணியை எழுதிய மேற்கட்டி. இவையனைத்தும் இருவர்க்கென அமைந்தவை. ஒருவர் இல்லாதபோது, அமைப்பின் செம்மையே அவ்வின்மையைச் சுட்டுகின்றது. அரசி உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிவது இதனாலேயாம். யானை கொடியொடு புகும் வாயில், முற்றம், உட்கட்டு, கட்டில், மேற்கட்டி என இடம் சுருங்கச் சுருங்கத் துயர் பெருகுகின்றது.

பாசறையை இதனோடு ஒப்பிடுதல் வேண்டும். ஆண்டு வாடைக்குத் தடையில்லை. விளக்குச் சுடர் தெற்கே சாய்கின்றது. நள்ளிரவிலும் துயிலாத வேந்தன், மழைத்துளியினூடே சென்று புண்பட்ட மறவரைக் காண்கின்றான். சுவரில்லாத அவ்விடத்தில் மறவர்க்கு ஆறுதல் உண்டு. அதனை அளிப்பவன் அருகில் உள்ளான். அவனே அரண்மனையில் இல்லாதவன்.

எனவே, கட்டட வருணனை பாட்டின் அணியன்று. அதன் பொருளோடு ஒன்றியது. மனை மனத்தை ஆள்கின்றது. ஆயின் அதனை எப்பால் செலுத்தும் என்பதை உடனுறைவோரே உறுதி செய்கின்றனர். நூலிட்டு அளந்த அப்பகுதியைக் கலைவரலாற்றுக்கெனப் பிரித்தெடுத்துப் பயில்வோர், அளவைப் பெறுவர், பாட்டை இழப்பர்.