கருத்தம்மாவின் டாக்டரும் அதே வருஷத்துச் சட்டமும்

போன ஞாயிற்றுக்கிழமை பாரதிராஜாவின் 'கருத்தம்மா'வை மறுபடி முழுசாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தது ராசிபுரத்தில், ஒன்பதாவது படிக்கும்போது. பக்கத்தில் அம்மாயி. கள்ளிப்பால் பேச்சு வந்தபோது கொட்டகையில் நிறையப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள், அம்மாயி அழவில்லை. வரும் வழியில், "அந்தப் பக்கமெல்லாம் கள்ளிப்பாலாட்டம் இருக்குது சாமி. இங்கெல்லாம் நெல்லுதான்" என்றார், ஏதோ சமையல் பக்குவம் சொல்வது மாதிரி. எனக்கு அப்போது புரியவில்லை.

இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள முதல் புகாரே அங்கிருந்துதான் வருகிறது. பெண் சிசுக்கொலை என்றாலே உசிலம்பட்டி என்று 1986இல் இந்தியா டுடே கட்டுரையில் தொடங்கிய பேச்சை, இந்தப் படம் நிரந்தரமாக்கிவிட்டது. சேலம், தர்மபுரிக்காரர்கள் நாம் பாட்டுக்கு "அது மதுரைப் பக்கம்" என்று கைகழுவிக்கொண்டோம். ஆனால் 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது உசிலம்பட்டியில் இல்லை, சேலத்தில். அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான், 1997இல்தான் பிரிந்தது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள். சேலத்தில் 851.

இரண்டாவது புகார் கதையின் அமைப்பைப் பற்றியது. கிராமத்து மருத்துவச்சி கொல்லப் பார்க்கிறாள். பள்ளிக்கூட வாத்தியார் காப்பாற்றி எடுத்துப்போய் வளர்க்கிறார். அந்தக் குழந்தை படித்து டாக்டராகித் திரும்பி வந்து, தன்னைக் கொல்லச் சொன்ன அப்பனுக்கே வைத்தியம் பார்க்கிறது. நாட்டுப்புறம் கொல்லும், படிப்பு காக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் வந்த அதே 1994இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். அது யாருக்கு எதிரான சட்டம்? மருத்துவச்சிக்கு எதிராக இல்லை. எம்.பி.பி.எஸ்., எம்.டி. படித்தவர்களுக்கு எதிராக. திரையில் டாக்டர் தெய்வமாக நின்ற வருஷத்தில், சட்டப் புத்தகத்தில் அவரே சந்தேகத்துக்குரியவர். பாரதிராஜா பழைய ஆயுதத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார், ஊர் புதுசுக்கு மாறிக்கொண்டிருந்தது.

சரி, அந்தச் சட்டமாவது முழுசாகப் பார்த்ததா? நான் பிரிவு பிரிவாகப் படித்தேன் (ஸ்பெக் படித்துப் பிழைக்கிறவனுக்கு இதுவும் ஒரு ஸ்பெக்தான்). வார்த்தையாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ சொல்லக்கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. எழுதினவர் ஊரைத் தெரிந்தவர். மூடிய அறைக்குள் காட்டும் ஒரு சைகைக்குச் சாட்சி கிடைக்காது என்பதால், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'ஃபார்ம் எஃப்' நிரப்பச் சொல்லி, அதில் குறை இருந்தாலே குற்றம் நடந்ததாகக் கொள்ளலாம் என்று வைத்தார்கள். டாக்டர்கள் சங்கம் இதை எதிர்த்துப் போய் 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பதிவுசெய்த மெஷினைத்தான் ஃபார்மால் பிடிக்க முடியும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வாடகை வீட்டில் கையடக்க மெஷினை வைத்துப் பார்த்தவர்கள் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். அங்கே ஏது ஃபார்ம்?

24ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். ஒரு பெண் இந்தச் சோதனைக்குப் போனால், புருஷனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் போனாள் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். சட்டத்தில் வீட்டுக்குள் நடப்பது எட்டிப்பார்க்கும் ஒரே இடம் இதுதான். என் மனைவியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனபோது, பாலினம் சொல்லமாட்டோம் என்ற போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு என் அத்தையே, "டாக்டரம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு, சிரிச்சாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

படத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் தவறவிட்டதை அது பிடித்திருக்கிறது. மூத்த மகள் புகுந்த வீட்டில் படுகிற பாடும் அவள் சாவும், பெற்ற குழந்தையைக் கொல்லச் சொன்ன அப்பனும் ஒரே கதையில் இருக்கிறார்கள். பெரியார்தாசன் நடித்த மொக்கையனை வெறும் அரக்கன் என்று ஒதுக்க முடியாதது அதனால்தான். சட்டத்திலோ ஒவ்வொன்றும் தனி ஃபைல்: 498ஏ 1983இல், வரதட்சணைச் சாவு 1986இல், ஸ்கேன் 1994இல், குடும்ப வன்முறை 2005இல். ஒரே வீட்டுக்கு நான்கு அதிகாரிகள், ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத மாதிரி.

தொட்டில் திட்டத்துக்கு வருகிறேன். பெற்ற குழந்தையைக் கைவிட்டால் ஏழு வருஷம் வரை சிறை என்றது இந்திய தண்டனைச் சட்டம் 317. அதே அரசு, "இங்கே வைத்துவிட்டுப் போ, கேள்வி கேட்கமாட்டோம்" என்று தொட்டிலும் வைத்தது. முரண்பாடுதான், ஆனால் இந்த முரண்பாட்டால் பிழைத்த உயிர்கள் உண்டு, அதனால் கேலி செய்ய மனசு வரவில்லை. என் கோபம் கூடவே வந்த இன்னொரு திட்டத்தின் மேல்: பெண் குழந்தை பேரில் வைப்புத்தொகை வேண்டுமா, ஆண் வாரிசு இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும். "இரண்டோடு நிறுத்து" என்று சுவரெல்லாம் எழுதிய அரசுதான் இது. ரெண்டுதான் என்றால் அதில் ஒன்றாவது பையனாக இருக்கணும் என்று ஊர் கணக்குப் போட்டது. 'கருத்தம்மா'வுக்குக் கிடைத்த தேசிய விருதில் ஒன்று குடும்பநலப் படத்துக்கானது! விருது கொடுத்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா?

2019இல் ராசிபுரத்திலிருந்து ஒரு ஆடியோ கிளம்பி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். குழந்தை விற்பனை பேரம், பின்னால் சி.பி.சி.ஐ.டி. விசாரணை. பெண்ணுக்கு ஒரு விலை, ஆணுக்கு அதைவிட ஜாஸ்தி. நான் படம் பார்த்த அதே ஊர்.

அம்மாயி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு மேலே இரண்டும் கீழே ஒன்றும் பிறந்து தங்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மூன்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று நான் கேட்கவே இல்லை. அம்மாவிடம் இன்னமும் கேட்கலாம்தான். போன வாரம் போனில் வாய்வரை வந்தது, அப்புறம் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.